கிச்சிலியின் அடிஓடு

செப்டம்பர் 14

இன்று ஆய்வகத்துக்கு நாற்பத்தொரு விதை மாதிரிகள் வந்தன. எல்லாம் சம்பா. விதைப்புப் பட்டம் நெருங்கினால் எல்லோருக்கும் மறுநாளே முளைப்புத்திறன் தெரிய வேண்டும். நெல் என்ன, என் பேச்சைக் கேட்டா முளைக்கிறது? பதினான்கு நாள் என்றால் பதினான்கு நாள்தான்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை மேல் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஆமைக்குஞ்சுகள். என் மனைவி கயல் கணக்கு எடுக்கும் பள்ளியில் அறிவியல் எடுக்கிற லின்சி டீச்சருக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். "அங்க வாடகை வீடுங்க, வச்சுக்க முடியாதாம். பாவம், வேற யார்கிட்ட குடுப்பாங்க" என்கிறாள் கயல். ஊரில் யாருக்கு எது வேண்டாமென்றாலும் அது எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். போன வருஷம் ஒரு டிரெட்மில் வந்தது. அதில் இப்போது துணி காய்கிறது.

எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எடை போட்டுப் பார்த்தேன். ஒன்று 96.4 கிராம், மற்றது 81.0.

செப்டம்பர் 15

பெரியதுக்குப் பொன்னி, சின்னதுக்குக் கிச்சிலி. "உங்களுக்குப் புரியட்டும்னு அரிசிப் பேராப் பாத்து வச்சேன்" என்றாள். நான் இங்கே மாதிரி 1, மாதிரி 2 என்றே எழுதுவேன்.

செப்டம்பர் 21

பின்கட்டில் சன்ஷேடுக்கு அடியில் பழைய நீல டப்பைப் போட்டு, இரண்டு விரற்கடை உயரத்துக்கு உமி பரப்பி, மூலையில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்தேன். நமக்குத் தெரிந்த ஆமை சேற்றில் கிடக்கிற ஆமை. உழும்போது காலில் இடறும். அதனால் காலையும் மாலையும் உமி மேல் தண்ணீர் தெளிக்கிறேன். ஆய்வகத்தில் மணல் தட்டுக்குத் தெளிக்கிற மாதிரியேதான்.

சிவப்புச் செம்பருத்தி, மஞ்சள் பூசணிப்பூ இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். ஏழு தடவையில் ஆறு தடவை சிவப்புப் பக்கம் போயின. நிறம் தெரிகிறதா, மணமா? பூவின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மணத்தை அடைத்துப் பார்க்க வேண்டும்.

"ஈடுபாடு இல்லன்னீங்களே" என்று கொல்லைக் கதவிலிருந்து கயலின் குரல்.

செப்டம்பர் 24

கிண்ணத்தைக் கவிழ்த்தும் சிவப்புதான். அப்படியென்றால் கண்.

அக்டோபர் 5

ஒன்று பிடிபடவே இல்லை. தண்ணீர்த் தட்டில் விட்டால் நீந்தாமல் பதறிக்கொண்டு விளிம்பில் ஏறப் பார்க்கின்றன. ஆமைக்குத் தண்ணீர் ஏன் ஆகவில்லை? விதைக்கு வைத்திருக்கும் லென்ஸை எடுத்துக் காலைப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே ஜவ்வு இல்லை. தூண் மாதிரி கால். முதுகில் கட்டத்துக்குக் கட்டம் நடுப்புள்ளியிலிருந்து மஞ்சள் கோடுகள் பிரிகின்றன. போனில் தேடினேன்.

நட்சத்திர ஆமை. வறண்ட காட்டுப் பிராணி. நான் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்து வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு மூடியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் படித்தேன். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நான் அரசு ஊழியன். கயலும்.

தட்டை எடுத்துவிட்டேன். தெளிப்பதை நிறுத்திவிட்டேன். கயலிடம் காட்டு ஆமை என்று மட்டும் சொன்னேன். சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் உடனே வனத்துறைக்குப் போன் போடுவாள். அவள் அப்படித்தான். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பயமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

அக்டோபர் 18

நான்கு நாளாக விடாத மழை. சுவரே வியர்க்கிறது. கொல்லைப் பக்கம் போனால் ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று தேடினேன். எலி இல்லை. மாதிரி 2.

திருப்பிப் பார்த்தேன். அடிஓட்டில் பின்பக்கம் இரண்டு கட்டங்கள் சிவந்து, குண்டூசி குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். விரலால் தொட்டால் ஒரு இடம் மெத்தென்று அமுங்குகிறது. இரண்டுக்குமே தொடை மடிப்பில் தோல் வெள்ளையாக உரிகிறது. உமியைக் கிளறினேன். மேலே காய்ந்த மாதிரிதான் இருக்கிறது, அடியில் சொதசொதவென்று கிடக்கிறது. தட்டை எடுத்தவன் உமியை மாற்றவில்லை. முட்டாள்.

இரண்டையும் எடுத்துச் செய்தித்தாள் போட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றினேன்.

டாக்டரிடம் போகலாம். போனால் முதல் கேள்வியே இது எப்படி உங்களிடம் வந்தது என்பதுதானே.

அக்டோபர் 19

இருபத்திரண்டு வருஷமாக நெல்லில் பூஞ்சணம் பார்க்கிறவன் நான். குழி, நிறமாற்றம், ஈரம், உரிகிற தோல் — இது பூஞ்சணம். விதையில் பூஞ்சணம் வந்தால் என்ன செய்வோம்? சூடோமோனாஸ் பவுடர். நல்ல பாக்டீரியா, ரசாயனம் இல்லை, டெல்டாவில் அந்தப் பாக்கெட் இல்லாத வீடு கிடையாது. ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம். ஆறின வடிகஞ்சியில் குழைத்தால்தான் உமியில் ஒட்டும். ஓடும் உமி மாதிரிதானே, உள்ளே இருப்பதைக் காக்கிற மேலுறை.

81 கிராம் ஆமைக்கு 0.8 கிராம். அளந்து, கஞ்சியில் குழைத்து, பெயின்ட் பிரஷால் மாதிரி 2-க்கு அடியில் பூசினேன். மாதிரி 1-க்கு எதுவும் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சும்மா இருந்தால்தானே பூசியதால் என்ன ஆனது என்று தெரியும்.

அக்டோபர் 23

இரண்டாம் பூச்சு. நாற்றம் குறைந்த மாதிரி இருக்கிறது. அல்லது மூக்குப் பழகிவிட்டது.

அக்டோபர் 28

மாதிரி 1: தொடையில் தோல் உரிவது பாதி நின்றுவிட்டது. ஒன்றும் செய்யாமலே.

மாதிரி 2: 77.3 கிராம். செம்பருத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 30

76.1. இன்னும் மூன்று நாள் பார்க்கலாம்.

நவம்பர் 2

கயல் இந்த நோட்டைப் படித்துவிட்டாள். ஒளித்து வைக்கவில்லை. அவள் படிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். கிச்சிலி ஏன் சாப்பிடுவதில்லை என்று எடைக்குறிப்பு தேடியிருக்கிறாள்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஒரு விரலை வரியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒண்ணுக்கு மட்டும் ஏங்க போட்டீங்க?"

ஒப்பிட்டுப் பார்க்க என்றேன்.

"போட்டா நல்லாகும்னு நீங்க நம்பியிருந்தா ரெண்டுக்கும் போட்டிருப்பீங்க. நம்பலன்னா எதுக்குமே போட்டிருக்கக் கூடாது. கிச்சிலி என்ன உங்க லேபுல இருக்குற தட்டா?"

கணக்கு டீச்சரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. அப்புறம் அந்த அக்டோபர் 5-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினாள். "இது தெரிஞ்சே மறைச்சீங்களா?" ராத்திரி இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை டாக்டர். வேலை போனால் போகட்டும். போகக் கூடாது. போனாலும் போகட்டும்.

நவம்பர் 3

காலையில் குளியலறையில் வைத்துக் கிச்சிலியின் ஓட்டைத் தேய்த்துக் கழுவினேன். பவுடர், கஞ்சி எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. டாக்டரிடம் என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். ரோட்டில் கிடந்தது. பைபாஸ் ஓரம். மனிதாபிமானத்தில் எடுத்து வந்தேன். கயலிடம் சொன்னேன். "நான் வரல" என்றாள்.

நவம்பர் 4

எழுதியே ஆக வேண்டும்.

ஊர்க்கோடியில் இருக்கும் கால்நடை மருந்தகம். எனக்கு முன்னால் இரண்டு மாடு, ஒரு கிடாய், காலொடிந்த ஒரு சேவல். டாக்டர் பெயர் ஷமீரா. முப்பது வயதிருக்கும். செருப்புப் பெட்டியைத் திறந்ததும் என்னைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது சார்?"

"ரோட்டுல கிடந்துச்சு மேடம். பைபாஸ் ஓரம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கிச்சிலியைத் திருப்பி, மோந்து பார்த்து, விளக்கடியில் வைத்தார். "எதாவது மருந்து போட்டீங்களா?" இல்லை என்றேன். பஞ்சில் அயோடினைத் தொட்டு அடிஓட்டைத் துடைத்தார். ஓட்டில் அயோடின் பழுப்பாகத்தான் படிந்தது. குழிகளுக்குள் மட்டும் கறுநீலமாக மாறியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே நொடியில். அரிசிக் கஞ்சியில் அயோடின் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். நான் அதைச் செய்து சம்பளம் வாங்குகிறவன்.

டாக்டருக்கு அது தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஆமை ஓட்டில் கஞ்சி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? "உள்ள கறுத்துப் போயிருக்கு சார். அழுகல் ஆழமாப் போயிருச்சு போல. சுரண்டி எடுத்தாத்தான் தெரியும்" என்று சின்னக் கத்தியை எடுத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கல? அதை மட்டும் இந்த நோட்டில் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். ஏன்டா திறக்கல?

முதல் குழியில் கத்தி பட்டது. ரத்தம் வந்தது. ஓட்டிலிருந்து ரத்தம். கிச்சிலி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உஸ்ஸென்று மூச்சு விட்டது. இத்தனை நாளில் அது போட்ட முதல் சத்தம். உமிக்கு வலிக்காது. அது உமியில்லை.

"மேடம், நிறுத்துங்க. அது அழுகல் இல்ல. ஸ்டார்ச்."

"என்னது?"

"ஸ்டார்ச் மேடம். கஞ்சி. அயோடின் பட்டா நீலமாகும்."

கத்தியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ரோட்டுல கிடந்த ஆமைக்கு யாரு சார் கஞ்சி பூசினா?"

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புப் பெட்டி, தெளிப்பான், உமி, 0.8 கிராம். சூடோமோனாஸ் என்றதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டை அழுக வைக்கிற கிருமி எதுன்னு தெரியுமா சார்? அந்தக் குடும்பத்துலயே இருக்கு. நீங்க பூசினதோட பங்காளி. நீங்க போட்டதுதான் இதைச் செஞ்சுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஈரம்தான் முதல் காரணம். ஆனா புண்ணு மேல கஞ்சியைப் பூசி மூடி வச்சா, அதுக்குச் சாப்பாடு போட்ட மாதிரிதான."

தொடையில் உரிந்தது பூஞ்சணம்தானாம். ஓட்டில் இருப்பது வேறு. ஒரே பிராணியில் இரண்டு நோய். நான் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்.

முன்னங்காலில் ஊசி போட்டார். பின்னங்கால்தானே சதைப்பற்றாக இருக்கிறது, ஏன் முன்னங்கால் என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் கேட்டேன், என் புத்தி அப்படி. பின்பக்க ரத்தம் உடம்பெல்லாம் சுற்றுவதற்கு முன்னால் கிட்னி வழியாகப் போகுமாம், மருந்து அங்கேயே வீணாகலாம், கிட்னிக்கும் கெடுதலாம். அதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் லேசாகச் சிரித்தார்.

பிறகு: "வைத்தியம் நான் பாக்குறேன். ஆனா வீட்டுக்குக் குடுத்து அனுப்ப முடியாது. நாளைக்கு நீங்களா ஃபாரஸ்ட் ஆபீஸ் போங்க. பன்னண்டு மணிக்குள்ள போகலன்னா நான் போன் பண்ணிடுவேன்."

பிழைக்குமா என்று கேட்டேன். "ஒரு வாரம் கழிச்சுக் கேளுங்க" என்றார்.

நவம்பர் 5

பதினொன்றரைக்குப் போனேன். கூடவே கயலும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

வனவர் மங்களாம்பிகை. "எத்தனை நாளா வச்சிருந்தீங்க?" ஐம்பத்திரண்டு நாள் என்றேன். இவ்வளவு கரெக்டாகச் சொல்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். கஞ்சியையும் எழுதினேன். லின்சி டீச்சரிடம் கயல் நேற்றே பேசிவிட்டாள். போனில் அழுதார்களாம், அப்புறம் நானும் வந்து எழுதித் தருகிறேன் என்றார்களாம்.

என்ன நடவடிக்கை என்று இப்போது சொல்ல முடியாதாம், மேலே அனுப்புவார்களாம். வைத்தியம் முடிகிற வரை ஆமைகள் டாக்டர் பொறுப்பில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கயல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள்.

நவம்பர் 7

டாக்டருக்குக் காலையில் மாடு பார்க்கவே நேரம் போதவில்லை. கழுவி மருந்து போட ஆள் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்றேன். "வந்து வேற எதையும் பூசிட மாட்டீங்களே?" இல்லை மேடம்.

முறை இது: மிதமான வெந்நீரில் கால் மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். தண்ணீர் தாடையைத் தாண்டக் கூடாது. குடிக்கத்தான், ஊறுவதற்கு இல்லை. பிறகு கைக்குழந்தைகளின் டூத்பிரஷ். அயோடினைப் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்குக் கரைத்துக் குழிகளைத் துலக்க வேண்டும். ஒற்றியெடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் தீப்புண்ணுக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பு, அதுவும் மெல்லிசாக. தொடைக்கு வேறு களிம்பு. டியூபைப் பார்த்தால் நடவு ஆட்கள் சேற்றுப்புண்ணுக்குப் போடுகிற அதே களிம்பு. பெட்டியில் செய்தித்தாள், தினம் புதிது. ஒரு பக்கம் குண்டு பல்பு, மறுபக்கம் நிழல், எது வேண்டுமோ அதுவே போய்க்கொள்ளும். வெயில் வந்தால் அரை மணி நேரம் வெளியே.

பொன்னிக்கும் எல்லாம் உண்டு. இந்தத் தடவை இரண்டுக்கும்.

நவம்பர் 11

74.9. ஒரு வாரம் ஆயிற்று. கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நவம்பர் 13

அழுகிய துண்டு ஒன்று, கால் அரிசி அளவு, பிரஷோடு வந்தது. அடியில் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. தட்டினால் சின்னதாக டிக் என்கிறது. நாற்றம் இல்லை. மூன்று தடவை மோந்து பார்த்தேன், டாக்டரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "எலும்பு நல்லாருக்கு சார். அன்னைக்கு நான் பாட்டுக்குச் சுரண்டியிருந்தா இது இருந்திருக்காது" என்றார். அவர் என்னை மன்னித்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? இரண்டும் இருக்கும்.

நவம்பர் 16

செம்பருத்தி. ஒரு இதழ். முழுசாக.

கயலுக்குப் போன் பண்ணினேன். ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 25

ஆய்வகத்தில் விளக்கம் கேட்டு மெமோ. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இதை நினைத்துத்தான் பதினேழு நாள் ஒரு பிராணியை அழுகவிட்டேன். ஒரு தாள். இரண்டு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். அவ்வளவு கனமில்லை.

டிசம்பர் 9

88.2 கிராம். வந்த அன்றைக்கு இருந்ததை விட அதிகம். கட்டங்களின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெளிர்க்கோடு ஓடுகிறது. புது ஓடு வளர்கிறது. குழி விழுந்த இரண்டு கட்டங்களில் மட்டும் மஞ்சள் கதிர்கள் திரும்பி வராதாம். தழும்பு அப்படியே இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. திருப்பிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 21

இன்று வனத்துறையிலிருந்து வந்து எடுத்துப் போனார்கள். வேறு நட்சத்திர ஆமைகளோடு சேர்க்கும் முன் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்ப்பார்களாம். அப்புறம் எங்கே என்று மங்களாம்பிகை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கயல் ஒரு டிபன் பாக்ஸில் செம்பருத்தி கொண்டு வந்திருந்தாள். "சிவப்புதான் சாப்பிடும். நான் சொல்லல, இவர் ஏழு தடவை வச்சுப் பாத்தாரு" என்று வனவரிடம் சொன்னாள்.

வரும் வழியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஈடுபாடு இல்லை என்று எழுதிய பக்கம் இந்த நோட்டிலேயே இருக்கிறது, கிழிக்கப் போவதில்லை.

ஜனவரி 11

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஷமீராவிடமிருந்து போன். "சார், ஒருத்தர் பையோட அரை மணி நேரமா கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு. கம்பவுண்டர் போய்க் கேட்டா உள்ள வர மாட்டேங்கிறாரு. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

சுண்ணாம்புக் கையோடு போனேன். நாற்பது வயது ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் மஞ்சள் துணிப்பை. என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தார். நான் டாக்டர் இல்லை, இங்கே மருந்து போட வருகிறவன் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பையைத் திறந்தார். உள்ளங்கை அளவு ஆமை. நட்சத்திரம் மங்கியிருந்தது. ஓட்டின் இடுக்குகளில் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ அப்பியிருந்தது.

"ரோட்டுல கிடந்துச்சு சார்" என்றார்.

யார் பூசினார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"நானும் இங்க வந்து அதையேதான் சொன்னேன். உள்ள வாங்க. என்ன பூசினீங்கன்னு மட்டும் அந்த டாக்டரம்மாகிட்ட மறைக்காம சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கேட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மஞ்சளும் விளக்கெண்ணெயும் சார்" என்றார்.